பீடித்தட்டோடு ஜெபிக்கிற சகோதரிகளுக்கு

ஆலங்குளம், பாவூர்சத்திரம், சுரண்டை வட்டாரத்துச் சபைகளில் சனிக்கிழமை உபவாச ஜெபத்துக்குக் கூடிவருகிற அன்புச் சகோதரிகளுக்கு,

ஜெபம் முடிந்து எல்லாரும் செருப்பைத் தேடும் நேரத்தில் ஒவ்வொருவராக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் நீங்கள் சொல்லுகிறவற்றை வெகுகாலமாகக் கேட்டுவருகிறேன். குழுக்கடன் தவணை இரண்டு வாரமாகக் கட்டவில்லை. இன்ஜினியரிங் முடித்த மகன் இன்னும் வீட்டில்தான் இருக்கிறான். வீட்டுக்காரர் மறுபடியும் குடிக்க ஆரம்பித்துவிட்டார். கர்ப்பப்பையை எடுக்கச் சொல்லிவிட்டார்கள். எடுத்தால் குனிந்து உட்கார முடியாது, உட்காராவிட்டால் பீடி சுற்ற முடியாது. சொல்லி முடித்ததும் எல்லாரும் ஒரே வார்த்தையைச் சொல்லுகிறீர்கள்: “யார்ட்டயும் சொல்லிராதீங்க டீச்சர்.” அதே கூட்டத்தில் சற்று முன்னால் ஜெப விண்ணப்பம் கேட்டபோது, “ஒரு காரியம் இருக்கு, ஆண்டவருக்குத் தெரியும், ஜெபிச்சுக்கோங்க” என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தவர்களும் நீங்கள்தான்.

யார் எதைச் சொன்னார்கள் என்று இந்த மடலில் எழுதப்போவதில்லை. பயப்பட வேண்டாம். ஆனால் சொல்ல ஏன் தயங்குகிறீர்கள் என்பதை எழுதியே ஆக வேண்டும். கஷ்டம் தீராமல் இருப்பது விசுவாசக் குறைவின் அடையாளம் என்று நம்மில் பலர் நம்பத் தொடங்கிவிட்டோம். கன்வென்ஷன் மேடையிலும், டிவியிலும், போனில் வருகிற வீடியோக்களிலும் கேட்பதெல்லாம் ஜெபித்தேன், கிடைத்தது என்கிற சாட்சிகள். கிடைக்காதவள் என்ன நினைப்பாள்? எனக்குள் ஏதோ மறைவான பாவம் இருக்கிறது, என் ஜெபத்தில் குறை இருக்கிறது, என் காணிக்கை போதவில்லை என்று நினைப்பாள். கடன் ஒரு பாரம். கடனோடு கிடப்பதே தன் தப்பு என்கிற எண்ணம் அதன்மேல் ஏற்றிய இரண்டாவது பாரம். முதல் பாரத்தை இறக்கிவைக்க எனக்குச் சக்தி இல்லை. இரண்டாவது பாரத்தை வேதம் உங்கள்மேல் வைக்கவே இல்லை என்பதை எடுத்துக்காட்ட முடியும். அதற்குத்தான் இந்த மடல்.

உங்களில் பலர் வேதம் வாசிக்கிற விதத்தை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இரவில் நனைத்து ஈரச் சாக்கில் சுற்றிவைத்த இலையை விடியுமுன் எடுத்து, தகட்டை வைத்து ஒவ்வொன்றாக வெட்டி, தட்டை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்காருகிறீர்கள். தட்டுக்குப் பக்கத்தில் வேதாகமம் விரித்திருக்கிறது. காற்றில் பக்கம் புரளாமலிருக்க அதன்மேல் கத்தரிக்கோல். கை தன்பாட்டில் தூளை வைத்து உருட்டி, நூல் சுற்றி, நுனியை மடக்குகிறது. கண் ஒரு வசனத்தைப் பார்த்துவிட்டுத் தட்டுக்குத் திரும்புகிறது. மனதுக்குள் அந்த வசனத்தை அடுத்த கட்டு முடிகிற வரை சொல்லிக்கொண்டே இருக்கிறீர்கள். கம்பெனிக் கடையில் கணக்குப் பார்க்கிறவர் பாதியைக் கழித்துப் போட்ட நாளிலும் அந்த ஒரு வசனம் உங்களை வீடுவரை நடத்திக் கொண்டுவந்திருக்கிறது. இதைவிட உண்மையான வேதவாசிப்பை நான் கண்டதில்லை. ஆகவே அடுத்து நான் சொல்லப்போவதைக் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஒரே ஒரு வசனத்தை மட்டும் வாசிக்கும்போது, அந்த வசனம் யாருக்கு, எந்த நிலையில், எந்த வார்த்தைகளுக்கு நடுவில் சொல்லப்பட்டது என்பது நமக்குத் தெரியாமல் போகிறது. புத்தாண்டு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டைகளை உங்கள் வீட்டு ஷோகேஸ்களில் பார்க்கிறேன். அதிகமான வீடுகளில் இருப்பது எரேமியா 29:11. உங்களுக்கு நான் எண்ணியிருப்பது தீங்கல்ல, நன்மையே என்று ஆண்டவர் சொல்லுகிற வசனம். அட்டையை எடுத்துப் போடுங்கள் என்று சொல்ல வரவில்லை. அது இருக்கட்டும். ஆனால் அந்த 29-ம் அதிகாரமே ஒரு கடிதம் என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? எருசலேமிலிருந்து எரேமியா, பாபிலோனில் சிறைப்பட்டிருந்த ஒரு கூட்டத்துக்கு எழுதியனுப்பிய கடிதம். கி.மு. 597-ல் நேபுகாத்நேச்சார் யெகோனியா ராஜாவைப் பிடித்துக்கொண்டு போனபோது, கைத்தொழில் தெரிந்த தச்சர்களையும் கொல்லர்களையும் சேர்த்தே கொண்டுபோனான். அவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்தக் கடிதம் போகிறது.

அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்றொரு தீர்க்கதரிசி வருகிறான். இரண்டே வருஷம், எல்லாரும் திரும்பிவிடுவார்கள் என்று ஆலயத்தில் ஜனங்கள் முன்னால் அறிவிக்கிறான். எரேமியாவின் கழுத்திலிருந்த மர நுகத்தைப் பிடுங்கி உடைத்துக் காட்டுகிறான். அதைக் கேட்ட கூட்டத்துக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கும்! எரேமியாவே முதலில் அதற்கு ஆமென் சொல்லுகிறார். கர்த்தர் அப்படியே செய்வாராக என்கிறார். அவருக்கும் அந்த ஆசை இருந்திருக்கிறது. ஆனால் ஆண்டவர் அவருக்குக் கொடுத்த கணக்கு எழுபது வருஷம். அதைத்தான் கடிதத்தில் எழுதுகிறார். வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதில் விளைவதைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்துவையுங்கள், உங்களைச் சிறைபிடித்த அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காகவே ஜெபியுங்கள் என்று சொல்லிவிட்டு, அதன்பிறகுதான் நம் ஷோகேஸில் இருக்கிற வசனம் வருகிறது.

அந்தக் கடிதத்தை வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் அநேகர் சொந்த ஊரைத் திரும்பப் பார்த்திருக்க மாட்டார்கள். அந்த வாக்குத்தத்தம் அவர்களுக்கும் சேர்த்தே சொல்லப்பட்டது. நான் ஆறுதல் அடைவது இந்த இடத்தில்தான். கஷ்டம் தீர்ந்த பிறகு வரும் நாட்களில் மட்டும் ஆண்டவர் நம்மைப் பற்றி நன்மை நினைக்கிறார் என்றால், தீராத நாட்களில் நாம் யாருடையவர்கள்? சிறையிருப்பின் முதல் வருஷத்தில், தோட்டத்துக்கு மண் கிளறிக்கொண்டிருந்த ஒரு பாட்டியைப் பற்றியும் அவர் நன்மையே நினைத்திருந்தார். இன்று தவணை கட்டாமல் உட்கார்ந்திருக்கிற உங்களைப் பற்றியும் அதையே நினைக்கிறார். இந்த மாத முடிவுக்குள், இந்த நாற்பது நாளுக்குள் என்று உங்களுக்குத் தேதி குறித்துக் கொடுக்கிறவர்கள் அனனியாவின் வரிசையில் நிற்கிறார்கள். அவர்கள் சொன்ன தேதி தவறும்போது உங்கள் விசுவாசத்தைக் குறை சொல்ல அவர்களுக்கு உரிமை இல்லை.

பிலிப்பியர் 4:13-ம் அப்படித்தான். ஆட்டோவின் பின்பக்கத்தில், கலியாண வீட்டில் கொடுக்கிற டம்ளரில், பரீட்சை எழுதப்போகிற பிள்ளையின் அட்டையில், எங்கும் அந்த வசனம். எல்லாம் செய்ய எனக்குப் பெலன் உண்டு என்று பவுல் எழுதியபோது அவர் கட்டுண்டு கிடந்தார். முந்தின வசனத்தில், நிறைவாகச் சாப்பிடவும் பட்டினி கிடக்கவும் தெரிந்துகொண்டேன் என்கிறார். அடுத்த வசனத்தைத்தான் நாம் வாசிப்பதே இல்லை. ஆனாலும் என் கஷ்டத்தில் நீங்கள் பங்கெடுத்தது நல்ல காரியம் என்று அந்தச் சபைக்கு நன்றி சொல்லுகிறார். பிலிப்பி சபை எப்பாப்பிரோதீத்துவின் கையில் அவருக்கு உதவி அனுப்பியிருந்தது. கிறிஸ்துவின் பெலத்தைப் பற்றி இவ்வளவு பெரிய வார்த்தை பேசியவர், மூச்சுவிடுமுன்னே, சகோதரர்கள் கொடுத்தனுப்பிய உதவியைப் பற்றிப் பேசுகிறார். அடுத்தவர் உதவியைக் கைநீட்டி வாங்குவதை விசுவாசத்துக்கு இழுக்கு என்று அவர் எண்ணவில்லை.

இப்போது கடன் பேச்சுக்கு வருகிறேன். நம் ஊர்களில் இதுதான் தினசரிப் பாடு. வீடு வீடாகப் பார்த்தால் இரண்டு குழு, மூன்று குழு. ஒன்றின் தவணையைக் கட்ட இன்னொன்றில் எடுப்பது வழக்கமாகிவிட்டது. குழுக்கடனில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து போட்டுக் கட்ட வேண்டும். கட்டும்வரை வசூல் கூட்டத்திலிருந்து யாரும் எழுந்து போக முடியாது. அந்தக் குழுவில் இருக்கிறவர்கள் யார்? சனிக்கிழமை உங்கள் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து ஜெபிக்கிற அதே மைனிமார்தான், அதே சித்திமார்தான். தவணை நாளான செவ்வாய்க்கிழமை உங்களால் அவர்களுக்கு நஷ்டம். சனிக்கிழமை அவர்கள் முன்னால் என்ன விண்ணப்பத்தைச் சொல்லுவீர்கள்? நீங்கள் வாயை மூடிக்கொள்வதற்கு இதுவும் காரணம் என்று எனக்குத் தெரியும். இதைத் தெரிந்துகொள்ளாமல் “மனம் திறந்து ஜெபியுங்கள்” என்று மேடையிலிருந்து சொல்லுவது சுலபம்.

2 இராஜாக்கள் 4-ம் அதிகாரத்தின் முதல் ஏழு வசனங்கள் இப்படிப்பட்ட ஒரு வீட்டைப் பற்றியவை. ஊழியக்காரர் வீடு அது. கணவர் தீர்க்கதரிசிகள் கூட்டத்தைச் சேர்ந்தவர். கர்த்தருக்குப் பயந்து நடந்தவர். கடனை விட்டுவிட்டு இறந்துபோனார். கடன் கொடுத்தவன் இரண்டு பையன்களையும் அடிமைகளாகக் கொண்டுபோக வந்துவிட்டான். அவள் எலிசாவிடம் போய்க் கூப்பிட்டு முறையிடுகிறாள். ஒளித்து மறைத்துப் பேசவில்லை. கணவர் பக்திமான் என்பதையும் சொல்லுகிறாள், கடன்பட்டு நிற்பதையும் சொல்லுகிறாள்; இரண்டும் ஒரே வீட்டில் இருக்க முடியும் என்பதற்கு அவள் வாக்குமூலமே போதும்.

எலிசா அவளிடம் இரண்டே கேள்விகள் கேட்கிறார். உனக்கு நான் என்ன செய்ய வேண்டும்? வீட்டில் என்ன இருக்கிறது? எந்தப் பாவத்தினால் இந்தக் கடன் வந்தது என்று கேட்கவில்லை. ஏன் வாங்கினாய், எதற்குச் செலவழித்தாய் என்று குடையவில்லை. ஒரு குடம் எண்ணெய் தவிர ஒன்றும் இல்லை என்கிறாள். அதற்கு அவர் சொன்ன முதல் வேலை, அக்கம்பக்கத்தில் போய் வெறும் பாத்திரங்களைக் கேட்டு வாங்கு, அதுவும் கொஞ்சமாக வாங்காதே என்பது. இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். அடகு வைக்கவும் பாத்திரம் இல்லாத ஒரு விதவை தெருத்தெருவாகப் போய்ப் பானை கேட்கிறாள். எதற்கு என்று கேட்காமல் யார் கொடுப்பார்கள்? ஊரெல்லாம் தெரிந்திருக்கும். ஆண்டவர் அந்த அற்புதத்தை அயலார் பாத்திரங்களுக்குள்தான் ஊற்றினார். எத்தனை பாத்திரம் வந்ததோ அத்தனைக்கு எண்ணெய். பாத்திரம் தீர்ந்ததும் எண்ணெய் நின்றது.

அதன்பிறகும் கடன் தள்ளுபடி ஆகவில்லை. எண்ணெயை விற்றுக் கடனைக் கட்டு, மீதியில் நீயும் பிள்ளைகளும் பிழையுங்கள் என்கிறார் எலிசா. விலைபேசி விற்பது அவள் வேலை. கடன் அடைத்த பின் சாப்பாட்டுக்கு மிஞ்ச வேண்டும் என்பதும் அந்தக் கணக்கில் இருக்கிறது. நம் வீடுகளில் தவணையைக் கட்டிவிட்டுப் பிள்ளைகளுக்குக் கஞ்சியும் இல்லாமல் ராத்திரி படுக்கிற கணக்கை வேதம் ஒப்புக்கொள்ளவில்லை.

உபாகமம் 24-ம் அதிகாரத்தில் இன்னும் தெளிவாக ஒரு கட்டளை இருக்கிறது. கடன் கொடுத்தவன் அடகுப் பொருளை எடுக்க வீட்டுக்குள் நுழையக் கூடாது. வெளியே நிற்க வேண்டும். கடன் வாங்கினவனே அதை வெளியே கொண்டுவந்து கொடுப்பான். மாவரைக்கிற திருகைக் கல்லை அடகாக வாங்கவே கூடாது. கடன்பட்டவளுக்கும் ஒரு வாசல் உண்டு, அந்த வாசலுக்கு ஒரு மரியாதை உண்டு என்று ஆண்டவர் சட்டம் போட்டிருக்கிறார். வசூலுக்கு வருகிறவர் நடு வீட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பெண் பிள்ளைகளைப் பார்த்துத் தகாத வார்த்தை பேசும்போது, நீங்கள் தலைகுனிந்து நிற்க வேண்டியதில்லை. நாட்டுச் சட்டமும் இதைச் சொல்லுகிறது. நுண்கடன்களுக்கு ரிசர்வ் வங்கி 2022-ல் கொடுத்த நெறிமுறைப்படி, வசூல்காரர் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் உங்களைக் கூப்பிட்டுத் தொந்தரவு செய்யக் கூடாது; மிரட்டவோ கெட்ட வார்த்தை பேசவோ கூடாது. ஒரு குடும்பம் கட்டுகிற எல்லாத் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டாதபடி பார்த்துத்தான் கடனே கொடுக்க வேண்டும். வசூல் என்ற பேரில் மிரட்டுவதைத் தடுக்கத் தமிழ்நாடு சட்டமன்றமும் 2025-ல் ஒரு சட்டம் இயற்றியிருக்கிறது. இதையெல்லாம் உபவாச ஜெபத்தில் பேசுவது உலகக் காரியம் என்று சிலர் நினைக்கலாம். உபாகமத்தில் இருப்பதை ஆலயத்தில் பேசாமல் வேறு எங்கே பேசுவது?

நீங்கள் கையில் வைத்திருக்கிற தமிழ் வேதத்தின் வரலாற்றிலேயே கடனுக்காகச் சிறைக்குப் போனவர் ஒருவர் இருக்கிறார். யோகான் பிலிப்பு பப்ரிசியுஸ் 1740-ல் தரங்கம்பாடிக்கு வந்தார். பிறகு சென்னை வேப்பேரியில் இருந்துகொண்டு வேதத்தைத் தமிழில் மொழிபெயர்த்தார். ஒவ்வொரு வார்த்தையையும் தமிழ் தெரிந்தவர்களிடம் வாசித்துக் காட்டி, திருத்தித் திருத்தி எழுதினவர். அவருடைய புதிய ஏற்பாடு 1772-ல் அச்சில் வந்தது. பின்வந்த மொழிபெயர்ப்புகள் பலவும் அவர் போட்ட அஸ்திவாரத்தின்மேல் எழுந்தவை. அப்பேர்ப்பட்டவர் முதிர்ந்த வயதில் பண விவகாரங்களில் சிக்கி, கட்ட முடியாத கடனுக்காகச் சிறையில் இருந்தார். 1791-ல் இறந்தார். கடன்காரர் என்று அவர் செய்த மொழிபெயர்ப்பைச் சபை தள்ளிவிடவில்லை. நூறு வருஷத்துக்கு மேலாக அவர் வார்த்தைகளை வைத்தே நம் முன்னோர் ஜெபித்தார்கள், பிள்ளைகளைப் புதைத்தார்கள், கலியாணம் செய்துவைத்தார்கள். குழுவில் பெயர் கெட்டுப்போயிற்று என்று இனி ஜெபத்துக்கே வரப்போவதில்லை என்று சொன்ன சகோதரி இதை வாசிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

வியாதியோடு இருக்கிறவர்களுக்கும் கொஞ்சம் எழுத வேண்டும். களக்காட்டுக்குப் பக்கத்து டோனாவூரை உங்களில் பலருக்குத் தெரியும். ஆபத்திலிருந்த பெண் குழந்தைகளைச் சேர்த்து வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மா 1931-ல் ஒரு குழியில் விழுந்து கால் முறிந்தார். அதன்பின் 1951-ல் இறக்கும்வரை, ஏறக்குறைய இருபது வருஷம், பெரும்பாலும் அறைக்குள்ளேயே கிடந்தார். சுகத்துக்காக எத்தனை ஜெபம் நடந்திருக்கும்! அந்தப் படுக்கையிலிருந்து நோயாளிகளுக்கென்று ஒரு புத்தகம் எழுதினார், 1933-ல் வெளிவந்தது. நோயாளிகளுக்கு ஆறுதலாக வந்து சேர்கிற கைப்பிரதிகள் பெரும்பாலும் சுகமாக இருக்கிறவர்கள் எழுதினவை, அவை தன்னைத் தொடவில்லை என்பதை அவர் ஒளிக்காமல் சொன்னார்.  உங்களுக்கும் சில ஆறுதல் வார்த்தைகள் கேட்கவே கசப்பாக இருந்தால், அது உங்கள் குற்றமல்ல. யோபுவின் சிநேகிதர் மூன்று பேரும் ஏழு நாள் பேசாமல் தரையில் கூட உட்கார்ந்திருந்தார்களே, அதுவரை அவர்கள் நல்லவர்கள். வாயைத் திறந்து காரணம் கற்பிக்க ஆரம்பித்த பிறகுதான் கெட்டது. கடைசியில் ஆண்டவர் கோபப்பட்டது அவர்கள்மேல். புலம்பிக்கொண்டிருந்த யோபு பேசினதைத்தான் சரி என்றார்.

சங்கீதம் 13-ஐ எடுத்துப் பாருங்கள். ஆறே வசனம். அதற்குள் நாலு தடவை எதுவரைக்கும் என்று கேட்கிறார் தாவீது. 88-ம் சங்கீதமோ ஆரம்பம் முதல் கடைசிவரை புலம்பல். மற்ற சங்கீதங்களில் வருவதுபோலக் கடைசியில் ஒரு ஸ்தோத்திரம் வந்து சேரும் என்று காத்திருந்தால், அது வருவதில்லை, இருளிலேயே முடிந்துவிடுகிறது. அதையும் ஆலயத்தில் பாடக் கொடுத்தார்கள், கோராகின் புத்திரர் பாடினார்கள். அப்படியென்றால், ஸ்தோத்திரம் சொல்ல வாய் வராத ராத்திரியில் வெறுமனே அழுதுவிட்டுப் படுத்த உங்கள் ஜெபமும் வேதத்துக்குள் இடம் உள்ள ஜெபம்தான். அதைப் பாதி ஜெபம் என்று எண்ணாதீர்கள்.

உபவாசத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எலியா சூரைச்செடியின்கீழ்ப் படுத்து, சாகிறேன் என்றபோது ஆண்டவர் அவருக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. தூதன் சுட்ட அடையும் தண்ணீரும் கொண்டுவந்து தட்டி எழுப்பினான். சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்கினார். மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். அதற்குப் பிறகுதான் ஓரேப் மலைப் பயணம். சர்க்கரை, பிரஷர் உள்ளவர்கள் காலை மாத்திரையையும் சாப்பாட்டையும் விட்டுவிட்டு வந்து மயங்கி விழுவதை ஆண்டவர் கேட்கவில்லை.

உங்களிடத்தில் நான் கேட்கிற காரியம் இதுதான். நம் கூட்டங்களில் சாட்சி நேரம் என்றால் காரியம் வாய்த்தவர்கள் மட்டுமே எழுந்து நிற்கிறோம். வீடு கட்டினவர்கள், மகனுக்கு வெளிநாட்டு வேலை கிடைத்தவர்கள், ஸ்கேனில் கட்டி இல்லை என்று வந்தவர்கள். அவர்கள் சந்தோஷத்தை நாமும் கொண்டாட வேண்டியதுதான். ஆனால் விசுவாச வீரர்களின் அட்டவணை என்று நாம் சொல்லுகிற எபிரெயர் 11-ம் அதிகாரத்தை முழுக்க வாசியுங்கள். சிங்கங்களின் வாயை அடைத்தவர்கள், ராஜ்யங்களை ஜெயித்தவர்கள் என்று வந்துகொண்டே இருந்து, 35-ம் வசனத்தின் நடுவில் வேறு சிலர் வருகிறார்கள். அடிபட்டவர்கள், வாளால் அறுப்புண்டவர்கள், ஆட்டுத்தோலைப் போர்த்திக்கொண்டு குகைகளில் திரிந்தவர்கள். வாக்குப்பண்ணப்பட்டதைப் பெறாமலே போனவர்கள் என்று வேதமே எழுதிவைத்து, அவர்களையும் அதே அட்டவணையில் சேர்த்திருக்கிறது. நம் சாட்சி நேரத்தில் அந்த வேறு சிலருக்கு இதுவரை இடம் கொடுத்ததில்லை. இன்னும் கிடைக்கவில்லை, ஆனாலும் விட்டுப்போகவில்லை என்று ஒருத்தி எழுந்து சொன்னால் அதுவும் சாட்சி. பக்கத்திலிருப்பவளுக்கு அதுதான் அதிகம் உதவும். ஏனென்றால் அவளும் அதே நிலையில்தான் இருக்கிறாள்.

காரியத்தைச் சொல்லக் கேட்டுவிட்டு, ஜெபித்துக்கொள்கிறோம் என்று எழுந்து போகவும் கூடாது. எலிசாவிடம் போன அந்த விதவையின் ஊர்க்காரர்கள் பாத்திரம் கொடுத்தார்கள். நாம் சமைக்குமுன் எடுத்துவைக்கிற பிடி அரிசிக் காணிக்கையில் ஒரு பங்கை, வீட்டில் அரிசி இல்லாத சகோதரிக்கு வெளியே தெரியாமல் கொடுக்கலாம். ஆபரேஷன் முடிந்து படுத்திருப்பவளுக்காக ஆளுக்கு இரண்டு கட்டு பீடி சுற்றி அவள் கணக்கில் சேர்க்கலாம். கணக்கு வழக்குத் தெரிந்த நம் வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேரை உட்காரவைத்து, எந்தக் கடன் எவ்வளவு, எந்த வட்டி எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதிக் கொடுக்கச் சொல்லலாம். வசூல்காரர் வரும்போது அந்த வீட்டு வாசலில் நாலு பேர் போய்ச் சும்மா நின்றாலே பேச்சின் தொனி மாறும். தவணையை நாமே கட்டிவிடலாம் என்று நான் சொல்லவில்லை. அதற்கு நம்மிடம் பணம் இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகக் கேட்டுக்கொள்கிறேன். கூட்டத்தில் சொன்னதைத் தெருக்குழாயடிக்குக் கொண்டுபோகாதீர்கள். கொண்டுபோகிறவர்கள் யாராயிருந்தாலும், அவர்கள் முன்னால் இனி யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். உங்கள் நாக்கை நம்பித்தான் இந்த மடலையே எழுதியிருக்கிறேன்.

வருகிற சனிக்கிழமை எரேமியா 29-ம் அதிகாரத்தையும், விதவையின் எண்ணெயைப் பற்றிய அந்த ஏழு வசனங்களையும், 88-ம் சங்கீதத்தையும் முழுசாக வாசிப்போம். கண் தெரியாத பெரியம்மாமாருக்குப் பக்கத்தில் வாசிக்கத் தெரிந்த ஒரு பிள்ளை உட்காரட்டும். ஜெப விண்ணப்ப நேரத்தில் மனமுள்ளவர்கள் காரியத்தைப் பெயர் சொல்லியே சொல்லுங்கள். மனமில்லாதவர்களை யாரும் வற்புறுத்த வேண்டாம். முதலாவதாக நானே சொல்லுகிறேன்: என் மூத்த மகள் என்னோடு பேசுவதில்லை. பல வருஷமாக ஜெபிக்கிறேன், இன்னும் பதில் இல்லை. அவளுக்காகவும் எனக்காகவும் ஜெபியுங்கள்.

கூட்டம் வழக்கம்போலப் பத்தரை மணிக்கு. மாத்திரை போடுகிறவர்கள் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். கடைக்குப் பீடி கொண்டுபோக வேண்டியவர்கள் நடுவில் எழுந்து போகலாம், தவறில்லை.

கர்த்தருக்குள் உங்கள் அன்புச் சகோதரி